மாடு மாகாணத்துக்கு, வைத்தியர் மத்திக்கா?

தனிச் சிங்களச் சட்டம் பிறந்த அதே 1956ஆம் ஆண்டில்தான் 46ஆம் இலக்க மிருக வைத்தியர் சட்டமும் பிறந்தது. முன்னதைத் தமிழ் மக்கள் மறந்திலர். பின்னதைப் படித்தோர் சட்டத்தரணிகளுள்ளும் சிலரே. சபையொன்றை நிறுவி, அதன் இடாப்பில் பெயர் பதிந்தோருக்கே மிருக வைத்தியத் தொழிலை உரிமையாக்கியது அச்சட்டம். பதிவு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. போலி வைத்தியனின் ஊசிக்குப் பலியாவது ஏழையின் மாடுதான்.

ஆனால், இன்னாரன்றி எவரும் தொடலாகாது என்று விதிக்கும் அரசு, அந்த இன்னாரை ஊருக்கு அனுப்பவும் கடமைப்பட்டதன்றோ? களுதாவளையிலிருந்து வாவி கடந்து படுவான்கரைப் பட்டிகளுக்குச் சென்று பாருங்கள். கன்று ஈனமுடியாது கிடக்கும் பசு, இடாப்பிலுள்ளவர் வரும்வரை காத்திருக்குமா? 2022 டிசம்பர்க் குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் மடிந்தன. இறைச்சி கொண்டுசெல்லத் தடை விரைந்து வந்தது. தடை முறையானதே, அதே விரைவு மருந்துக்கும் வேண்டாமா?

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் செய்த வேடிக்கையைக் கேளுங்கள். கால்நடை வளர்ப்பும் நோய்த் தடுப்பும் மாகாணப் பட்டியலில். உயர்தொழில்களும் அவற்றுக்கான பயிற்சியும் மத்தியின் பட்டியலில். மாடு நமக்கு, வைத்தியர் அவர்களுக்கு! அந்த மாகாண சபைதானும் 2017இல் பதவிக்காலம் முடிந்து, 2025 வரை தேர்தலைக் கண்டதில்லை.

மிருக வைத்திய பீடம் பேராதனையில் இருக்கிறது. விவசாய பீடமுள்ள வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று வேண்டும். பிரதேசந்தோறும் தமிழ் பேசும், பதிவுபெற்ற வைத்தியர் வேண்டும். இவ்விரண்டையும் எழுத்தில் தரத் துணியாத வேட்பாளர் எக்கட்சியினராயினும் பட்டிருப்புத் தொகுதிப் பக்கம் வாக்குக் கேட்டு வரவேண்டாம்.