‘வீணாகக் கடலில் கலக்கும்’ தண்ணீர்

கொள்ளிடம் கரை புரளும் ஆண்டுகளில் எல்லாம் ‘இத்தனை டி.எம்.சி. தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது’ என்றொரு கணக்கு வந்துவிடும். கட்சி வேறுபாடின்றிச் சொல்லப்படுவது அது; பத்திரிகைகளும், நம்மையும் சேர்த்துத்தான், அப்படியே அச்சிடுகின்றன. அந்த ‘வீண்’ என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்கிறோம். நீலகிரியில் பிறக்கும் பவானி காவிரியில் கலந்து, அதில் ஒரு பங்கு கொள்ளிடம் வழியே பழையாறு அருகே கடலைச் சேர்வதால், இதைப் பேசும் பொறுப்பு மலைக்காரர்களுக்கும் உண்டு.

கடல் முழுக்க ஒரே மாதிரி மீன் விளைவதில்லை. வெளிச்சம் நன்றாகப் புகுவது மேலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் வரைதான். அதிலும் கரையை ஒட்டிய ஆழம் குறைந்த பகுதியும் கழிமுகமுமே செழிப்பானவை; ஆறு கொண்டுவரும் சத்துதான் அங்கே நுண்பாசிக்கு உரம். ஆழத்தில் பொரிக்கும் வெள்ளை இறாலின் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, பிறகே கடலுக்குத் திரும்புகின்றன. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு அப்படியொரு வளர்ப்பிடம். நன்னீர் வரத்து குறைந்து உப்பு ஏறினால், உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல் மட்டும் நிலைத்து, மற்ற மரங்கள் ஒடுங்கிவிடும். 2004 சுனாமியின்போது அந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வுகள் வந்தன; மேடும் கடலிலிருந்து இருந்த தூரமுமே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. அந்த மறுப்பு நியாயமானதாகவே இருக்கட்டும். அன்றாடம் இறாலும் நண்டும் தரும் காட்டின் மதிப்பை ஒரே ஓர் அலையை வைத்து அளக்க வேண்டியதில்லை.

கடலுக்குத் தண்ணீர் போகட்டும். அதோடு சேர்ந்து என்ன போகிறது என்பதே கேள்வி. நீலகிரியின் கேத்தி பாலாடாவில் லாரி லாரியாகக் கேரட் கழுவப்படுகிறது. கேரட் பளபளவென்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்க, கழுவிய செம்மண் தண்ணீர் ஓடையில் இறங்குகிறது. சரிவிலேயே பாத்தி கட்டிய தோட்டங்களிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் மேல்மண்ணும் உரமும் கரைகின்றன. ஊட்டியின் சாக்கடை கோடப்பமந்து கால்வாய் வழியே ஏரிக்கு வருகிறது. குன்னூர் ஆறு மார்க்கெட்டைக் கடக்கும்போதே பாதி குப்பை மேடு. பிளாஸ்டிக் தடையில் மாநிலத்துக்கே முன்னோடியாக நின்ற மாவட்டம் இது. தடை கடைக்காரரின் கைப்பையோடு நின்றுவிட்டது, ஓடை வரை வரவில்லை.

இடையில் பவானிசாகர் அணை இருக்க மலை மண் எப்படிக் கடலுக்குப் போகும் என்று கேட்கலாம். மண் பெரும்பாலும் போகாதுதான். அணையின் கொள்ளளவைத் தின்றுகொண்டு அங்கேயே படிகிறது. வண்டலுக்கு ஏங்கும் டெல்டாவுக்கும் கிடைப்பதில்லை. கரைந்த உரமும் மிதக்கும் பிளாஸ்டிக் துணுக்கும் மதகு திறந்தால் கீழே போகின்றன. ஈரோட்டுச் சாய, தோல் கழிவோடு ஒப்பிட்டால் மலையின் பங்கு சிறிது என்பது இன்னொரு வாதம். உண்மைதான், அங்கே நடவடிக்கை இன்னும் கடுமையாக வேண்டும். ஆனால் ஓடை நாலடி அகலம் இருக்கும்போது தடுப்பது எளிது, செலவும் குறைவு. காய்கறி விவசாயியின் தலையில் மட்டும் பழியைச் சுமத்துவதும் முறையல்ல; கேரட் பளபளக்க வேண்டும் என்று கேட்பது சமவெளிச் சந்தைதானே.

எனவே கடலோரப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு மலைக்கும் வர வேண்டும். கேரட் கழுவும் இடங்களில் வண்டல் படியும் தொட்டிகள், ஓடைக்கரையில் உழாமல் விடும் பட்டை, அதற்கு ஈடாக விவசாயிக்கு இழப்பீடு, குன்னூரிலும் ஊட்டியிலும் சாக்கடை நீர் ஓடையைத் தொடும் முன் சுத்திகரிப்பு ஆகியவற்றைக் கடலோரத் திட்டச் செலவாகவே எழுதலாம். கொள்ளிடத்தில் இனி எந்தத் தடுப்பணை திட்டமிட்டாலும், கழிமுகத்துக்கு மாதந்தோறும் எவ்வளவு நன்னீர் விடப்படும் என்பதைத் திட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட வேண்டும்.