லுங்கியை விடுங்க, கணக்கைக் கேளுங்க!

மக்களே, மும்பை மாநகராட்சித் தேர்தல் 2026 ஜனவரி 15ல் முடிந்துவிட்டது. நம் வாட்ஸ்அப் சண்டை மட்டும் முடிந்தபாடில்லை.

பிரச்சாரத்துக்கு வந்த அண்ணாமலை, மும்பை மகாராஷ்டிராவின் நகரமல்ல, சர்வதேச நகரம் என்கிற மாதிரி பேசிவிட்டுப் போனார். ராஜ் தாக்கரே அவரை 'ரசமலாய்' என்று கிண்டலடித்து, 1960களின் லுங்கி கோஷத்தைத் தூசி தட்டி எடுத்தார். அவ்வளவுதான்! நம்மாளுங்க ரெண்டு கோஷ்டியாகி, ஒருத்தர் வீட்டுப் பெண்களை இன்னொருத்தர் இழுத்துத் திட்டும் அளவுக்குப் போயாச்சு. நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிற லட்சணமா இது?

அந்த கோஷம் எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு அடிவாங்கியவர்களின் பிள்ளைகள் நாம். ஆனால் அந்தக் கோபத்தில் கோட்டை விட்டது என்ன தெரியுமா?

மாநகராட்சியின் 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய். கவுன்சிலர்கள் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதற்கப்புறம் கிட்டத்தட்ட நாலு வருஷம் நிர்வாக அதிகாரி கையில்தான் எல்லாமே. தட்டிக்கேட்க வார்டுக்கு ஒருத்தர்கூட இல்லை.

தாராவி பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கிறவர் தமிழரா, மராத்தியரா? கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்டில் மழைத்தண்ணி தேங்கினால் லுங்கியும் நனையும், பேண்ட்டும் நனையும்.

இப்போது 227 கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். உங்க வார்டு ஆளிடம் போய், நம்ம வார்டுக்கு எவ்வளவு வந்தது, எதில் செலவாச்சு என்று கேளுங்க. மராத்தியிலேயே கேளுங்க. பக்கத்து வீட்டு மராத்திக்காரரும் கூட வந்து நிற்பார்.

பி.கு.: திட்டணும்னா என்னைத் திட்டுங்க. வீட்டுப் பெண்களை விட்டுடுங்க.