மட்டைக்கும் ஒரு மாலைப்பொழுது

செட்டாண்டா என்றொரு சிறுவன். கையில் மட்டை, பந்து. பந்தை ஓங்கி அடிப்பான். அது மண்ணைத் தொடுமுன் ஓடிப் பிடிப்பான். வழிநெடுக இப்படியே ஆடிக்கொண்டு அல்ஸ்டர் மன்னனின் எவின் மாஹா கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். பிறகொரு நாள் தன்மேல் பாய்ந்த காவல் நாயின் தொண்டைக்குள் பந்தை அடித்து இறக்கி, 'குலனின் நாய்' என்று பொருள்படும் கூகுலின் என்ற பெயரைச் சம்பாதித்தான். அயர்லாந்தின் பழங்கதைகளில் இவனைவிடப் பெரிய வீரன் இல்லை. அவன் வீட்டைவிட்டுக் கிளம்பிய சமவெளி இன்றைய லௌத் கவுண்டியில் இருக்கிறது.

அந்த லௌத்தின் அணியைத்தான் 2023இல், இதே மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங்கின் தேசிய லீக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. கேவன், ஃபெர்மனா, லீட்ரிம், லாங்ஃபர்ட் ஆகிய நான்கும் அதே பட்டியலில் இருந்தன. ஹர்லிங் ஆடும் கிளப் அணிகள் இந்தக் கவுண்டிகளில் ஐந்துக்கும் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணம். யோசனை வெளியாள் யாரும் சொன்னதல்ல. ஹர்லிங்கைக் கட்டிக்காக்க வேண்டிய கேலிக் விளையாட்டுச் சங்கத்தின் போட்டிக் குழுவே முன்வைத்தது. எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் கைவிடப்பட்டது. ஆனால் அந்த ஐந்து கவுண்டிகளில் கிளப்புகள் ஏன் ஒற்றை இலக்கத்தில் சுருங்கிக் கிடக்கின்றன என்ற கேள்வி அப்போதும் ஓரமாகவே நின்றது.

ஹர்லிங்கை ஹாக்கியின் முரட்டு அண்ணன் என்று அறிமுகப்படுத்தலாம். ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டை. உள்ளங்கையில் அடங்கும் தோல் பந்து. பந்தைத் தரையில் அடிக்கலாம், ஆகாயத்திலேயே அடிக்கலாம், மட்டை நுனியில் ஏந்தியபடி எதிரணிக்குள் புகுந்து ஓடலாம். பக்கத்துக்கு 15 பேர். குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. மேலே போனால் ஒரு புள்ளி. 2018இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. கையாலும் காலாலும் ஆடும் கேலிக் கால்பந்து இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் ஒரே சங்கம், ஒரே மைதானம், ஒரே கம்பங்கள். பல ஊர்களில் ஆடும் பையன்களும் அவர்களேதான். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

இரண்டில் மூத்தது ஹர்லிங். 1880களில் அது மங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பதறிய மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியர் டப்ளினில் ஒரு ஹர்லிங் கிளப்பைத் தொடங்கினார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1884 நவம்பர் 1 அன்று, டிப்பரரியின் தர்லஸ் நகரில், ஹேஸ் ஹோட்டலில் சங்கம் பிறந்தது. கேலிக் கால்பந்துக்குச் சங்கம் விதி எழுதியது அதற்குப் பிறகுதான். ஹர்லிங்குக்காகக் கட்டிய வீட்டில் இன்று கால்பந்து நடுக்கூடத்தில் அமர்ந்திருக்கிறது. நாட்டின் வடக்கிலும் வடமேற்கிலும் ஹர்லிங்குக்குத் திண்ணைகூடக் கிடைப்பதில்லை.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். 2025 வரை அகில அயர்லாந்து ஹர்லிங் பட்டத்தை கில்கென்னி 36 முறையும், கார்க் 30 முறையும், டிப்பரரி 29 முறையும் வென்றுள்ளன. நடந்த போட்டிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த மூன்று கவுண்டிகளுக்கே போயிருக்கிறது. 32 கவுண்டிகளில் ஒரு முறையாவது வென்றவை 12 மட்டும். 1901இல் லண்டன் அணி வென்றது தனிக்கதை. அல்ஸ்டர் மாகாணத்தின் எந்தக் கவுண்டியும் இன்றுவரை வென்றதில்லை. ஆன்ட்ரிம் 1943இலும் 1989இலும் இறுதிவரை போய்த் தோற்றது. கடைசியாக ஒரு புதிய கவுண்டியின் பெயர் கோப்பையில் ஏறியது 1981இல், ஆஃபலியின் பெயர். கால்பந்திலோ 19 கவுண்டிகள் வென்றிருக்கின்றன. டோனகால், டெரி, ஆர்மா, டிரோன் என நான்கு பெயர்கள் 1992க்கும் 2003க்கும் இடையில் மட்டும் புதிதாகச் சேர்ந்தன. ஒரே சங்கத்தின் இரண்டு ஆட்டங்களில் ஒன்று பரவியது. மற்றொன்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லையைத் தாண்டவில்லை.

இதை மண்ணின் குணம் என்று சொல்லிவிடுவது எளிது. தெற்குக்கு ஹர்லிங், வடக்குக்குக் கால்பந்து. அவரவர் பழக்கம் அவரவருக்கு. இதில் பாதி உண்மை உண்டு. கால்பந்தின் கோட்டையான கெரியை எடுத்துக்கொண்டால், பாலிடஃப், லிக்ஸ்னா, காஸ்வே, கில்மாய்லி என்று வடக்கே நெருங்கிக் கிடக்கும் சில ஊர்களில்தான் ஹர்லிங் வேர்விட்டிருக்கிறது. 1891இல் கெரிக்கு அதன் ஒரே ஹர்லிங் பட்டத்தை வாங்கித் தந்ததே பாலிடஃப் கிளப்தான். ஆனால் பழக்கம் வானத்திலிருந்து விழுவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் போடும் ஆட்ட அட்டவணையில் அது வளர்கிறது, அல்லது தேய்கிறது.

அட்டவணை போடுவது கவுண்டி வாரியம். அங்கே கிளப் பிரதிநிதிகளின் கைகள்தான் முடிவு செய்யும். கவுண்டியில் இருபது கால்பந்து கிளப்புகளும் மூன்று ஹர்லிங் கிளப்புகளும் இருந்தால், எந்தத் தீர்மானத்தில் யார் தோற்பார்கள் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை. யாரும் ஹர்லிங்கை ஒழிக்கத் திட்டம் போடுவதில்லை. ஞாயிறு மதியம் கால்பந்துக்குப் போகிறது. ஹர்லிங்குக்கு மிஞ்சுவது வார நடுவில் ஏதோ ஒரு மாலை. சனிக்கிழமை கால்பந்து அரையிறுதி இருந்தால் அந்த மாலையும் தள்ளிவைக்கப்படும். இரண்டும் ஆடும் பையனைக் கால்பந்துப் பயிற்சியாளர் கூப்பிட்டு, விரலை உடைத்துக்கொண்டு வந்து நிற்காதே என்று அன்பாகவே சொல்வார். பையனுக்கு வயது 17. அணியில் தன் இடம் போய்விடுமோ என்ற பயம். மட்டை கதவுக்குப் பின்னால் போய் நிற்கும். இப்படி நான்கு பையன்கள் விலகினால் சிறிய கிளப் ஒன்றில் 15 பேர் தேறமாட்டார்கள். பதினைந்து தேறாத கிளப்பை, ஆர்வமில்லாத கிளப் என்று அடுத்த ஆண்டு அறிக்கையில் எழுதுவார்கள்.

ஹர்லிங் இந்த அலட்சியத்தைத் தாங்காது என்பதற்கு அதன் இயல்பிலேயே காரணம் இருக்கிறது. பந்தும் திடலும் இருந்தால் பத்துப் பன்னிரண்டு வயதில்கூட ஒரு பிள்ளை கால்பந்துக்குள் நுழைந்துவிடலாம். மட்டை நுனியில் பந்தைத் தூக்கி, ஓடிக்கொண்டே அடிக்கும் லாகவம் பள்ளியின் தொடக்க வகுப்புகளிலேயே கையில் படிந்தால்தான் உண்டு. ஒரு தலைமுறைக்குக் கற்றுத்தராமல் விட்டால், அடுத்த தலைமுறைக்குக் கற்றுத்தர ஊரில் ஆள் இருக்காது. செலவும் கூடுதல். மட்டை உடையும், வாங்க வேண்டும். 2010 முதல் எல்லா வயதினருக்கும் தலைக்கவசம் கட்டாயம். அது நல்ல விதிதான். ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் கால்பந்து சத்தமில்லாமல் ஜெயித்துவிடுகிறது. போதாக்குறைக்கு, 2012இல் அயர்லாந்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் ஆஷ் மரங்களையே அரித்து வருகிறது. கிளேர் கவுண்டியில் மூங்கிலில் மட்டை செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

சங்கத் தலைமையகம் என்ன செய்தது? தேசிய ஹர்லிங் மேம்பாட்டு மேலாளராக இருந்த கில்கென்னியின் மார்ட்டின் ஃபோகர்ட்டி, 'டான்' என்ற பெயரில் கவுண்டி எல்லைகளைத் தாண்டிய கிளப் லீக்கை ஊன்றினார். சொந்தக் கவுண்டியில் எதிராளி இல்லாத கிளப், பக்கத்துக் கவுண்டிக் கிளப்போடு ஆடலாம். எளிய யோசனை, ஆனால் ஆட்டம் அரிதாகக் கிடைத்த பிள்ளைகளுக்குக் கூடுதல் ஆட்டம் கிடைத்தது. 2021 கடைசியில் அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது, அந்த நாற்காலியில் உடனே இன்னொருவரை உட்காரவைக்கும் அவசரம் யாருக்கும் இருக்கவில்லை.

கால்பந்துக்கு நோய் வந்தபோது நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆட்டம் சலிப்பூட்டுகிறது என்று புலம்பல் எழுந்ததும், 2024இல் ஜிம் கேவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. டப்ளினுக்கு ஆறு பட்டங்கள் வாங்கித் தந்த பயிற்சியாளர் அவர். அதே ஆண்டு சோதனை ஆட்டங்கள் நடந்தன, நவம்பரில் சிறப்பு மாநாடு கூடியது, 2025இல் புதிய விதிகளோடு ஆட்டம் களத்துக்கு வந்துவிட்டது. கால்பந்துக்காரர்கள் மகிழ்ந்தார்கள், மகிழ வேண்டியதுதான். சங்கம் மனம்வைத்தால் ஓராண்டுக்குள் எவ்வளவு சாதிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஹர்லிங்குக்கும் ஒரு மேம்பாட்டுக் குழு இப்போது உண்டு. கால்பந்துக்காரரான சங்கத் தலைவர் ஜார்லத் பர்ன்ஸ் அமைத்த அந்தக் குழுவுக்கு, 1989 இறுதியில் ஆன்ட்ரிமுக்காக ஆடிய டெரன்ஸ் மெக்நாட்டன் தலைமை ஏற்றார். ஆளைத் தேர்ந்ததில் குறை சொல்ல முடியாது. கேவின் குழுவுக்குக் கிடைத்த அதே வேகமும் பணமும் இதற்கும் கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்ற பேச்சு ஓயாது.

பணத்தைக் கொட்டினாலும் ஹர்லிங் வளராது என்று சிலர் வாதிடுகிறார்கள். டப்ளின் அதற்குப் பதில். பல ஆண்டுகளாகச் சம்பளப் பயிற்சியாளர்களை கிளப்புகளிலும் பள்ளிகளிலும் நிறுத்திய கவுண்டி அது. டப்ளின் கிளப் எதுவும் தொட்டிராத அகில அயர்லாந்து கிளப் ஹர்லிங் பட்டத்தை 2017இலும் 2018இலும் கூலா வென்றது. 2025இல் நா ஃபீனா வென்றது. அதே கோடையில் டப்ளின் கவுண்டி அணி, அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் ஐந்து பட்டம் வென்றிருந்த லிமெரிக்கை வீட்டுக்கு அனுப்பியது.

தலைநகரத்துக்கு ஆள்பலம் உண்டு, சரி. கார்லோவுக்கு என்ன உண்டு? மக்கள்தொகையில் மிகச் சிறிய கவுண்டிகளில் ஒன்று. அங்கே போரிஸ் கிராமத்து மவுண்ட் லென்ஸ்டர் ரேஞ்சர்ஸ் கிளப் 2012இல் அகில அயர்லாந்து இடைநிலைக் கிளப் பட்டத்தையும், 2013இல் கில்கென்னிக் கிளப்புகள் கோலோச்சும் லென்ஸ்டர் மாகாண முதல்நிலைப் பட்டத்தையும் தூக்கியது. கவுண்டி அணி பின்னால் வந்தது: 2018இலும் 2023இலும் இரண்டாம் அடுக்கான ஜோ மெக்டோனா கோப்பை, 2024இல் கில்கென்னியோடு சமநிலை. முதலில் நிமிர்ந்தது கிளப் என்பதை அந்த ஆண்டுகளின் வரிசையே காட்டுகிறது. கால்பந்து இருக்கும் ஊரில் ஹர்லிங் பிழைக்காது என்பவர்கள் டெரியின் ஸ்லாக்நீலுக்குப் போய்ப் பார்க்கலாம். 2016இல் அந்த ஒரே கிளப் அல்ஸ்டரின் கால்பந்து, ஹர்லிங், பெண்களின் ஹர்லிங்கான கமோகி ஆகிய மூன்று பட்டங்களையும் வென்றது. இரண்டு ஆட்டங்களும் ஆடும் பையன்களை இழுத்துப் பறிக்காமல் பகிர்ந்துகொள்ளும் கிளப் அது.

கில்கென்னியையும் ஒரு பார்வை பார்க்காமல் விடமுடியாது. ஹர்லிங்கின் தலைநகரான அந்தக் கவுண்டி, 2012க்குப் பிறகு கால்பந்து தேசிய லீக்கில் அணியே இறக்கவில்லை. அங்கே கால்பந்து படும் பாடு, லாங்ஃபர்டில் ஹர்லிங் படும் பாட்டின் கண்ணாடிப் பிம்பம். புறக்கணிப்பு ஒரு பக்கத்தின் தனிச் சொத்து என்று ஹர்லிங் ரசிகர்கள் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: கில்கென்னி தானாக விலகியது; லௌத்தும் லீட்ரிமும் ஆடுகிறோம் என்று வந்து நின்றபோது வாசலைக் காட்டப் பார்த்தார்கள்.

2023 யோசனைக்குப் பின்னால் ஒரு நியாயமும் இருந்தது. கவுண்டி அணிக்குச் செலவிடும் பணத்தைக் கிளப்புகளுக்குத் திருப்பலாமே என்றார்கள். கிளப்புதான் அடித்தளம் என்ற வகையில் அந்தப் பார்வை சரி. கவுண்டிச் சட்டையைப் பிடுங்கும் வைத்தியம் தவறு. லீட்ரிம் 2019இல் லோரி மாஹர் கோப்பையை வென்றது. ஐந்து அடுக்குகளில் அது கடைசி அடுக்கு. குரோக் பார்க் அரங்கில் கூடுதல் நேரம்வரை இழுத்த இறுதியில் இங்கிலாந்தின் லங்காஷயரைத் தோற்கடித்த அந்த அணியில் ஸாக் மொராடி இருந்தார். இராக்கின் ரமாதி அகதி முகாமில் பிறந்த குர்து இனத்தவர். 2002இல் 11 வயதில் குடும்பத்தோடு கேரிக்-ஆன்-ஷானனுக்கு வந்து, அங்கே மட்டையைக் கையில் எடுத்தவர். நாட்டின் மிகச் சிறிய கவுண்டி ஒன்றின் சட்டை ஓர் அகதிப் பிள்ளையை 82,000 பேர் கொள்ளும் அந்த அரங்குக்குக் கூட்டிப்போனது. அந்தச் சட்டை இல்லையென்றால் ஊர் மைதானத்தில் பயிற்சிக்கு வருகிற பையன் எதைப் பார்த்து வருவான்?

செய்ய வேண்டியவை பெரிய மர்மமல்ல. கால்பந்துக் கவுண்டிகளில் வாரத்தில் ஒரு மாலையை ஹர்லிங்குக்கென்று ஒதுக்கி, அன்று கிளப் கால்பந்துப் பயிற்சியோ ஆட்டமோ கூடாது என்று விதி எழுத வேண்டும். கவுண்டி வாரியத்தின் கைகளை எண்ணி முடிவாகும் விஷயமாக இது இருக்கக்கூடாது. தலைமையகத்திலிருந்து வரும் மானியத்தோடு இணைக்கப்பட்ட நிபந்தனையாக இருக்க வேண்டும். எல்லை தாண்டிய கிளப் லீக்கைச் சிறுவர் முதல் பெரியவர் வரை நிரந்தரப் போட்டியாக்க வேண்டும். ஹர்லிங் கிளப் இருக்கும் ஒவ்வோர் ஊரின் தொடக்கப் பள்ளிக்கும் சம்பளப் பயிற்சியாளர் போக வேண்டும். முதல் மட்டையும் முதல் தலைக்கவசமும் சங்கத்தின் செலவு. 2023 வசந்தத்தில் மன்ஸ்டர் மாகாண ஹர்லிங் ஆட்டங்களைக் கட்டண இணையச் சேவைக்குத் தள்ளியபோது அமைச்சர்கள்கூட எதிர்த்து வாய் திறந்தார்கள். அந்தக் குரல்களில் நாலில் ஒன்று இந்த ஊர்களுக்காக எழுந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

கூலி மலைகளில், லௌத்தின் நேவ் மோனின்னே ஹர்லிங் கிளப் 1960இல் தொடங்கிய ஒரு போட்டி இன்றும் நடக்கிறது. செட்டாண்டாவைப் போல மலைமேல் பந்தை அடித்துக்கொண்டே போக வேண்டும். குறைந்த அடிகளில் சுற்றி வருபவருக்கு வெற்றி. நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் அதற்கு வருகிறார்கள். கோடையில் ஒரு நாள் அடித்துவிட்டு, மாலையில் தெற்கே திரும்பிவிடுகிறார்கள். மற்ற நாட்களுக்கான ஆட்ட அட்டவணை குளிர்காலக் கூட்டங்களில் முடிவாகிறது. வரும் குளிர்காலத்தில் அந்த மேசைமேல் காகிதம் விரிக்கப்படும்போது, முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் ஹர்லிங் மாலை.