வெட்ஜ் மட்டைக்காக நகையை அடகு வைக்காதீங்க



கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாட்களில் நுவரெலியாவுக்கு கெடி வேலைக்குப் போகும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் மட்டுமாவது கடைசி வரை வாசிங்க.

இந்த முறை லீவில் இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பை தூக்கப் போன பையனுக்கு கொல்ஃப் விளையாட்டில் ஆசை வந்துவிட்டது. யாரோ ஃபோனில் ஒரு விளம்பரம் காட்டியிருக்கிறார்கள். விசேஷ வெட்ஜ் மட்டை மூன்று இருந்தால் குழிக்குக் கிட்ட அடிக்கிற அடி எல்லாம் தானாகச் சரியாகிவிடுமாம். வாங்கிக் கொடுக்கலாமா சேர்? காதில கிடக்கிறதை வைத்தால் காசு வரும்.

என் பதில்: வேண்டாம். நான் கொல்ஃப் விளையாடுகிறவன் இல்லை, கணக்குப் படிப்பிக்கிறவன். அதனால் கணக்கிலிருந்தே வருகிறேன்.

பெயர் பெற்ற கம்பனியின் புது வெட்ஜ் ஒன்று வெளிநாட்டில் 150 முதல் 200 டொலர் வரை போகிறது. டொலரை 300 ரூபா என்று வைத்தால் குறைந்தது 45,000. மூன்று வாங்கினால் 135,000. 2024இல் கூட்டிய 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பிரித்துப் பாருங்க. நூறு நாள் கொழுந்து. அதுவும் பேர் போட்ட பிறகு வெட்டு ஒன்றும் இல்லாமல்!

இனி அந்த மட்டை என்ன செய்கிறது என்று பார்ப்போம். வெட்ஜ் என்றால் முகம் நன்றாக மல்லாந்து இருக்கும் இரும்பு மட்டை. பிட்சிங் வெட்ஜ் 46 பாகை அளவில் சாய்ந்திருக்கும், மணல் குழிக்கான சேண்ட் வெட்ஜ் 54 முதல் 56, லொப் வெட்ஜ் 60. சாய்வு கூடக் கூடப் பந்து உயரம் போய், தூரம் குறைந்து, விழுந்த இடத்தில் அடங்கும். விளம்பரத்தில் சொல்லாத இன்னொரு கோணமும் இருக்கிறது. மட்டையின் அடிப்பாகம் தரையை வெட்டாமல் வழுக்கிப் போக வைக்கும் கோணம் அது, பவுன்ஸ் என்பார்கள். ஈரமான மெத்தென்ற தரைக்கு அது 10 பாகைக்கு மேல் வேண்டும். காய்ந்த கட்டாந்தரைக்கு 4 முதல் 8 போதும். நம்ம பக்கம் மழையும் பனியும் எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஃபோனில் படத்தைப் பார்த்து ஆர்டர் பண்ணுகிறவனுக்கு எந்த பவுன்ஸ் வரும் என்று தெரியுமா? போலி மட்டைகள் வேறு உலகம் முழுக்க ஓடுகிறது. லொப் வெட்ஜ் பழகினவனுக்கே கை நழுவும் சாமான், கொஞ்சம் பிசகினால் பந்து கிரீனைத் தாண்டிப் பறக்கும்.

அப்படியானால் கிட்ட ஆடும் ஆட்டம் முக்கியமில்லையா? மிக முக்கியம். 72 அடி பார் உள்ள மைதானத்தில் 18 குழிக்கும் குழிக்கு இரண்டாக 36 அடி கிரீனில் உருட்டுவதற்கே ஒதுக்கியிருக்கிறது, சரி பாதி. அமெரிக்காவின் பெரிய சுற்றுப்போட்டி வீரர்களே 18 குழியில் சராசரி ஆறு தடவை சொன்ன அடிக்குள் கிரீனில் பந்தைப் போட முடியாமல் விடுகிறார்கள். அந்த ஆறு இடத்திலும் வெட்ஜ்தான் காப்பாற்றுகிறது. பையன் சரியான இடத்தில்தான் ஆசை வைத்திருக்கிறான். அது கடையில் கிடைக்கும் என்று நினைப்பதுதான் பிழை.

மணல் குழி வெட்ஜ் எப்படி வந்தது தெரியுமா? ஜீன் சராசன் என்ற அமெரிக்கர், இத்தாலியிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மகன், சின்ன வயதில் கெடி. 1931இல் ஃப்ளோரிடாவில் தன் பழைய மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி, அராவி, மணலில் அடித்துப் பார்த்து, திரும்பவும் ஒட்டி, தானே ஒன்றை உருவாக்கினார். விமானம் மேலே எழும்புவதைக் கண்டுதான் யோசனை வந்ததாம். அடுத்த வருஷம், 1932இல், பிரிட்டிஷ் ஓப்பனை அதை வைத்து வென்றார். ஸ்பெயினின் செவே பாலெஸ்டெரோஸ் அதற்கும் மேல். பெட்ரேன்யா என்ற ஊரில் கெடியாக இருந்த பையன், கடற்கரை மணலில் ஒரே ஒரு 3ஆம் இலக்க இரும்பு மட்டையால் உயர அடி, தாழ அடி எல்லாம் பழகினான். அந்த மட்டை இந்த வேலைக்கு உண்டானதே இல்லை. 1979இல் 22 வயதில் பிரிட்டிஷ் ஓப்பன் அவன் கையில்.

நம்ம வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. புதுக் கவ்வாத்துக் கத்தி வாங்கிக் கொடுத்தால் முதல் நாளே வாது சரியாக வெட்டுவானா?

பணம் உள்ள, வாரத்துக்கு ஒரு நாள் ஆடும் ஆட்களுக்கு விசேஷ மட்டை உதவும், மறுக்கவில்லை. கிட்ட அடிக்கக் கை நடுங்குகிறவர்களுக்கென்று உருட்டும் மட்டை மாதிரி பிடிக்கிற சிப்பர் என்று ஒன்று இருக்கிறது. விதிப்படி செல்லும், ஆனால் இரண்டு பக்கமும் அடிக்கிற மாதிரி செய்த சிப்பர் போட்டியில் செல்லாது. பையில் 14 மட்டைக்கு மேலும் வைக்க முடியாது. கற்றுக்கொள்ளும் பையனுக்கு இவை ஒன்றும் வேண்டாம். பாவித்த 56 பாகை சேண்ட் வெட்ஜ் ஒன்று, அதுவும் கிடைக்காவிட்டால் 9ஆம் இலக்க இரும்பு ஒன்று. ஒரு வருஷத்துக்குப் போதும்.

இன்னொரு பக்கத்து ஆட்களுக்கும் சொல்ல இருக்கிறது. "கொல்ஃப் துரைமார் விளையாட்டு, லயத்துப் பிள்ளைக்கு எதுக்கு?" என்கிறவர்கள். நுவரெலியா மைதானம் 1889இல் ஸ்கொட்லாந்துப் படைவீரர் ஒருவர் தொடங்கியது, உண்மைதான். ஆனால் டெல்லியில் கெடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார், 1993இல் திரும்பவும் வென்றார். டாக்காவில் பந்து பொறுக்கிய சித்திகுர் ரஹ்மான் 2010இல் புருணை ஓப்பனை வென்று, 2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனார். இந்தியச் சுற்றுப்போட்டி முடிவுகளில் நம்ம நாட்டு என். தங்கராஜா, கே. பிரபாகரன் பெயர்களைத் தேடிப் பாருங்க. பை தூக்குகிற பையன் காற்றையும் சரிவையும் தினமும் வாசிக்கிறான். அந்தக் கண் பணக்காரப் பிள்ளைக்குச் சுலபமாக வராது.

அவனிடம் இல்லாதது பழக ஒரு துண்டு நிலமும் நேரமும். வேறு நாடுகளில் பல கழகங்கள் வாரத்தில் ஒரு நாள் கெடிகளை விளையாட விடுகின்றன. இங்கேயும் பழகும் கிரீனில் மாலை ஒரு மணித்தியாலம் விடச் சொல்லி மரியாதையாக எழுதிக் கேட்கலாம். பெற்றோர் பத்துப் பேர் கையெழுத்து வைத்தால் கடிதத்தை நான் எழுதுகிறேன். நகைக்கடைக்கு நடக்கிற நேரத்தில் அதைச் செய்வோம்.

அதுவரைக்கும் கார் டயர் ஒன்றைக் கிடத்தி, 10 அடி, 20 அடி, 30 அடி தள்ளி நின்று அதற்குள் பந்தைப் போடப் பழகட்டும். நூறில் எத்தனை விழுந்தது என்று கொப்பியில் எழுதட்டும், சனிக்கிழமை நான் பார்க்கிறேன். பங்களாவிலோ ஹோட்டலிலோ வேலை செய்கிறவர்கள், மூலையில் கிடக்கும் பழைய மட்டை இருந்தால் கேட்டு வாங்கி என்னிடம் தாங்க. துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. பந்து கல் மாதிரி, சின்னப் பிள்ளைகளை அடிக்கிறவனுக்குப் பின்னால் நிறுத்துங்க.