முயல் கறியில ஈயம்

1/ "குண்டூர் நாட்டு முயல், மருந்தே படாத கறி"ன்னு கொல்லிமலை போய்ட்டு வந்து பெருமை பேசுறவங்களுக்கு இந்தத் த்ரெட். முயல் வேட்டை 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம். அதை வனத்துறை பாத்துக்கட்டும். டாக்டரா என் கவலை வேற.

2/ நாட்டுத் துப்பாக்கியில இரும்பு பால்ரஸ் போட்டிருந்தா பல்லுதான் போகும். ஈயக் குண்டுன்னா கதை வேற. எலும்புல பட்டு, கண்ணுக்குத் தெரியாத துகளா கறிக்குள்ள சிதறும். குண்டைப் பொறுக்கிட்டா போதாது. புளி ஊத்தி வேக வச்சா இன்னும் கரையும்.

3/ "பாட்டி ஈயச் சொம்புல ரசம் வைக்கலையா?" அது வெள்ளீயம்ங்க. இது காரீயம். பிள்ளைங்க மூளை வளர்ச்சியில கை வைக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லைன்னு ஒரு அளவே கிடையாது. உலக சுகாதார நிறுவனமே சொல்லுது.

4/ அமெரிக்கப் புல்வெளியில ப்ரெய்ரி டாக்னு அணில் குடும்பத்துப் பிராணி. பொழுதுபோக்குக்குச் சுட்டு அப்படியே போட்டுட்டுப் போறாங்க. அதைத் தின்ற கழுகுக்கு ஈய விஷம். இங்க கழுகு இடத்துல உங்க பிள்ளை.

5/ "வல்வில் ஓரி காலத்து மரபு"ன்னு வராதீங்க. ஓரி எய்தது அம்பு.

6/ வீட்டுல கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையோ சாப்பிட்டிருந்தா, வெக்கப்படாம டாக்டர்கிட்ட சொல்லி ரத்தத்துல ஈய அளவு பாருங்க.