வாடும் செடிக்கு ஒரு குவளை நீர்ச் சோதனை

கரவெட்டியிலே முற்றத்துப் பூஞ்செடிக்கும் தோட்டத்துப் புகையிலைக்கும் தூரம் அதிகமில்லை. சீனியாச் செடி பச்சை மாறாமலே நண்பகலில் துவண்டு, மாலையில் நிமிர்ந்து, சில நாளில் முற்றாகச் சாய்ந்தால், நீர் போதவில்லையென்று மேலும் இறைப்பது நம் வழக்கம். காரணம் பற்றீரியாவாயின், அந்நீரே நோயை அடுத்த செடிக்குக் கொண்டு செல்லும்.

ஐயந் தீர்க்க எளிய சோதனை உண்டு. அடித்தண்டில் ஒரு துண்டை அறுத்து, வெட்டுமுகம் தெளிந்த நீரில் தொடுமாறு கண்ணாடிக் குவளையில் அசையாது பிடிப்போம். சில நிமிடங்களில் பால்போன்ற இழைகள் கீழிறங்கினால் பற்றீரியா வாடலென்று கொள்ளலாம். பங்கசு வாடலில் அவை தோன்றா. எவ்வினமென்பதை ஆய்வுகூடமே உறுதி செய்யும்.

1896இல் அமெரிக்க அறிஞர் எர்வின் சிமித் விவரித்த இக்கிருமியின் இன்றைய பெயர் ரால்ஸ்டோனியா சொலனேசியாரம். 2020இல் குவாத்தமாலாவிலிருந்து அமெரிக்கா சென்ற ஜெரேனியம் செடிகளில் இதன் ஓரினம் காணப்பட்டது. உருளைக்கிழங்குப் பயிருக்கு அஞ்சி அச்செடிகளை அழித்தனர்.

நோயுற்ற செடியைக் குணமாக்கும் மருந்து இல்லை. அதை வேரோடு அகழ்ந்து எரிப்போம். கத்தியையும் மண்வெட்டியையும் கழுவுவோம். அம்மண்ணில் கத்தரி, மிளகாய், தக்காளி நடாதிருப்போம். ஒரு பூச்செடிக்கு இரங்கினால் ஒரு தோட்டத்தை இழக்க நேரும்.