அடையாள எண் சாவி அல்ல

கிள்ளானில் 2010 மே 5ஆம் தேதி பிறந்த மாணவியின் மைகார்டு எண் பொதுவாக 100505-10 என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த தேதி. 10 என்பது சிலாங்கூர். எஞ்சிய நான்கு இலக்கங்களுக்கு 10,000 வாய்ப்புகள். கடைசி இலக்கம் பெண்களுக்கு இரட்டைப்படை என்பதால் அதுவும் 5,000 ஆகக் குறைந்துவிடும். கணினி இந்தப் பட்டியலைப் போட ஒரு நொடி போதும்.

ஊகிக்கக்கூடத் தேவையில்லை. 2017இல் அம்பலமான தகவல் கசிவில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள், அடையாள அட்டை எண், முகவரி உட்பட, வெளியே போயின.

ஆகவே, அடையாள எண் இரகசியமானது என்ற நம்பிக்கையை விட்டுவிடுவோம். அது வீட்டு எண்ணைப் போன்றது. வீட்டுச் சாவி அல்ல. வீட்டு எண்ணைச் சரியாகச் சொன்னார் என்பதற்காக முன்பின் தெரியாதவருக்குக் கதவைத் திறப்போமா? தொலைபேசியில் மட்டும், நம் அடையாள எண்ணைச் சொல்பவரைப் போலீஸ் அதிகாரி என்று ஏன் நம்புகிறோம்? அந்த எண்ணை மட்டும் கேட்டு ஆளை உறுதிசெய்யும் அலுவலகங்களும் மாற வேண்டும்.

மாணவர்களே, இன்றிரவே பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். அப்படி அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு, வங்கி அட்டையின் பின்புறமுள்ள எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும். பணம் போய்விட்டதா? வெட்கப்படாமல் உடனே 997க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் தடுக்க அந்தச் சில நிமிடங்களே உதவும்.